கடலை மிட்டாயும் கீமோதெரபியும்

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எழுதினா என்னோட முட்டாள்தனம் முழுக்க வெளிய வந்துடும், அதான் காரணம். போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற ஒருத்தர், அவங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "சார், அரிசி, சர்க்கரை, பால் எல்லாத்தையும் சுத்தமா நிறுத்திட்டோம்"னு பெருமையா வேற சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. இதே பெருமை 2018ல என் மூஞ்சியிலயும் இருந்துச்சு..

(நான் டாக்டர் இல்லீங்க, கணக்கு எழுதறவன். உங்க வீட்டு ஆளுக்கு எது சரின்னு உங்க டாக்டரைத்தான் கேக்கணும். இது எங்க வீட்டுக் கதை.)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கம்மா தவறினப்ப எனக்கு 7 வயசு, அக்காவுக்கு 16. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு போட்டது அக்காதான். கல்யாணமாகி கோவில்பட்டி போனப்ப என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாள். அத்தானுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. அவங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால பாசம், மீன் குழம்பு, அடி எல்லாமே எனக்குத்தான்.

2018 ஜூன்ல இடது மார்புல கட்டி. மேமோகிராம், பயாப்ஸி, ஆபரேஷன் எல்லாம் மதுரையிலேயே முடிஞ்சுது. அக்குள்ல ரெண்டு நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருந்ததால கீமோ கண்டிப்பா வேணும்னுட்டாங்க. மூணு வாரத்துக்கு ஒண்ணா நாலு தடவை 'சிவப்பு மருந்து', அதுக்கப்புறம் வாராவாரம் வேறொரு மருந்து 12 தடவை, அப்புறம் ரேடியேஷன். கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் 100 கிலோமீட்டர் அலைய முடியாதுன்னு எங்க வீட்லயே வச்சுக்கிட்டோம்.

முதல் கீமோ முடிஞ்சு வந்த அன்னைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போச்சுன்னு பயந்துட்டாள். மருந்தோட நிறம்தான், ஒண்ணுமில்லைன்னு நர்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. "பீட்ரூட்டே திங்காம பீட்ரூட்டா போகுதுல"ன்னு சிரிச்சாள். அந்தச் சிரிப்போட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் :-(

விடலையே நான். வாட்ஸப்ல வந்தது, யூட்யூப்ல பாத்தது, பக்கத்து வீட்டு மாமா சொன்னது எல்லாத்தையும் சேத்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். கணக்கு எழுதற புத்தி! காலை 6 மணிக்கு வெந்நீர்ல எலுமிச்சை, 7க்கு அருகம்புல் சாறு, 8க்கு உப்பில்லாத கேப்பைக் கூழ், 11க்கு பப்பாளி இலைச் சாறு, மதியம் வேகவச்ச காயும் ஒரு கைப்பிடி வரகும், 4 மணிக்கு முள்ளு சீத்தா, ராத்திரி காய்கறி சூப். அரிசி, சர்க்கரை, பால், முட்டை, கறி, எண்ணெய் எல்லாத்துக்கும் தடா. ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். தங்கமணி மட்டும் "ஆஸ்பத்திரில கேட்டுட்டுச் செய்யலாமே"ன்னாங்க. ரங்கமணி எங்க கேட்டாரு?

இப்ப யோசிச்சா ஒண்ணு புரியுது. ஆபரேஷன் பண்றது டாக்டர், மருந்து ஏத்தறது நர்ஸ், வலி முழுக்க அக்காவுக்கு. என் கையில இருந்தது அடுப்படி மட்டும்தான். அங்கயாவது ஏதாவது பண்ணிக் காப்பாத்திடணும்னு ஒரு வெறி. நம்ம ஊர்ல எந்த நோய்க்கும் முதல் கேள்வியே "பத்தியம் என்ன?"ங்கறதுதானே.

அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலை. "நீ படிச்சவன், சரியாத்தாம்ல இருக்கும்"னு கண்ணை மூடிக்கிட்டுக் குடிப்பாள். ஒரே ஒரு தடவைதான், ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம், நாங்க சாப்பிட உக்காந்தப்ப கதவோரம் நின்னுக்கிட்டு, "ஏலே தம்பி, ஒரு வாய் சுடுசோறு போடுல"ன்னாள். நான் ஷீட்டைக் காட்டினேன்.

அதே வாரம் அவ தலையணைக்கு அடியில ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் கிடைச்சுது. அத்தான் வந்தப்ப கொடுத்துட்டுப் போயிருக்கார். கோவில்பட்டி ஆளு, வேற என்ன வாங்கிட்டு வருவார்? "சர்க்கரை கேன்சருக்குத் தீனிக்கா, நீயே உனக்கு வெஷம் வச்சுக்கிறியா?"ன்னு கத்திட்டு அந்தப் பாக்கெட்டைக் குப்பையில போட்டேன். எனக்கு ஊட்டி வளத்தவ, திருட்டுத்தனமா மிட்டாய் தின்னு மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாள். இந்த வரியை அடிக்கிறப்ப இப்பவும் கை நடுங்குது.

மூணாவது கீமோ அடுத்த வாரம்னு இருக்கிறப்ப ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டுது. தெர்மாமீட்டர் 102. '101 வந்தால் உடனே வரவும்'னு ஆஸ்பத்திரி சீட்டுல பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ்ல என் எக்ஸெல் ஷீட்டுக்கு அடியில இருந்துச்சு. ஆட்டோ பிடிச்சுக் கொண்டு போனோம். வெள்ளை அணு மொத்தமே 900. கிருமியோட சண்டை போடற நியூட்ரோபில் 200தான். எடை 61லேர்ந்து 54.5க்கு வந்திருந்தது. ஆறு வாரத்துல ஆறரைக் கிலோ. ஈரல் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி வேற ஏறிக்கிடந்துச்சு.

டாக்டரம்மா அதிகம் பேசாதவங்க. "வீட்ல என்னென்ன குடுக்கறீங்க, ஒண்ணு விடாம எழுதுங்க"ன்னு ஒரு பேப்பரை நீட்டினாங்க. எழுதினேன். படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம், "காய்ச்சலுக்கு இந்தச் சாறுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், கவுன்ட் மருந்தாலயே இறங்கும். ஆனா கவுன்ட் இல்லாத நேரத்துல பச்சையா அரைச்ச இலையை உள்ள அனுப்பறீங்க. ஈரல் ஏற்கெனவே மருந்தோட மல்லுக்கு நிக்குது, அதுக்கு மேல இத்தனை சாறு. மருந்து போடறது என் வேலை. அதைத் தாங்கற உடம்பைக் கொண்டு வர்றது உங்க வேலை. நீங்க பாதி உடம்பைக் கொண்டு வந்திருக்கீங்க"ன்னாங்க.

அஞ்சு நாள் பெட்ல இருந்து ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. வெள்ளை அணு கூட்டற ஊசியைத் தொப்புளைச் சுத்திப் போட்டாங்க. அந்த ஊசிக்கு எலும்பெல்லாம் வலிக்கும். அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாள். மூணாவது கீமோ 12 நாள் தள்ளிப் போச்சு.

"12 நாள் பெரிய விஷயமா?"ன்னு நானும்தான் கேட்டேன். அதுக்கு டாக்டரம்மா ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னாங்க. அப்புறமா நானும் தேடிப் படிச்சேன். இத்தாலியில மிலான் நகரத்துல போனடோன்னான்னு ஒரு டாக்டர், 1973ல மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுத்துப் பாக்கிற சோதனையை ஆரம்பிச்சார். 20 வருஷக் கணக்கு 1995ல வந்துச்சு. திட்டம் போட்ட மருந்தளவுல 85 சதவீதத்துக்கு மேல வாங்கிக்கிட்டவங்களுக்குத்தான் பலன் நல்லா இருந்திருக்கு. 65 சதவீதத்துக்குக் கீழ போனவங்களுக்கு, கீமோவே வாங்காதவங்களுக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது அந்தக் காலத்து மருந்து, பின்னாடி பிரிச்சுப் பாத்த கணக்குன்னாலும், மருந்தை அளவு குறையாம நாள் தவறாம கொடுக்கணும்ங்கறதுல டாக்டருங்க அவ்வளவு பிடிவாதமா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அக்காவுக்குத் தள்ளிப்போனது ஒரே ஒரு தடவைதான், அதனால பெரிசா ஒண்ணும் கெட்டுடலைன்னாங்க. ஆனா அந்த ஷீட்டோட இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா?

கீமோ சமயத்துல சாப்பாட்டோட வேலை கேன்சரைக் கொல்றது இல்லைங்க. கொல்றதுக்கு மருந்து இருக்கு. அந்த மருந்து சொன்ன தேதியில சொன்ன அளவுல ஏறணும்னா உடம்புல தெம்பு வேணும், சதை வேணும். சோத்தோட வேலை அதுதான். அந்தப் படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்துதான் எனக்கு இது உறைச்சுது.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டயட்டீஷியன்கிட்ட அனுப்பினாங்க. சின்னப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். கிலோவுக்கு 1.2லேர்ந்து 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு கணக்குப் போட்டாங்க. அக்கா எடைக்கு ஒரு நாளைக்கு 65லேர்ந்து 80 கிராம். என் ஷீட்டைக் கூட்டிப் பாத்தா 20 கிராம் கூடத் தேறலை. கணக்குப் பிள்ளைக்கு இந்தக் கூட்டல் தோணலை பாருங்க..

"முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், நல்லா வேகணும், ஆஃப்பாயில் வேண்டாம். ஒரு டம்ளர் பாலுக்கும் ஏறக்குறைய அதே. பருப்பு, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம். வேர்க்கடலை ரொம்ப நல்லது, 100 கிராம்ல 25 கிராம் புரதம். சாப்பாடு இறங்காத நாள்ல கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது கையில வச்சுக்கோங்கம்மா, ரெண்டு கடி கடிச்சாலும் தெம்பு"ன்னு சொல்லிட்டாங்க!

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாள். ஒண்ணும் சொல்லலை. நான் மின்விசிறியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"சர்க்கரை கேன்சருக்குத் தீனி இல்லையா?"ன்னு கேட்டே விட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையா விளக்கினாங்க. கேன்சர் செல் குளுக்கோஸை அதிகமா இழுக்கிறது உண்மைதான். பெட் ஸ்கேன் எடுக்கிறதே அதை வச்சுத்தான். ஜெர்மன்காரர் வார்பர்க் 1920கள்லயே கண்டுபிடிச்சது அது. ஆனா நாம சோத்தை நிறுத்தினா ரத்தத்துல குளுக்கோஸ் நின்னுடாது. ஈரல் தானே தயாரிச்சுக்கும், அதுக்குச் சதையில இருக்கிற புரதத்தையும் எடுத்துக் கரைக்கும். ஆக நான் பட்டினி போட்டது கேன்சரை இல்லை, அக்காவோட தொடையையும் தோளையும். சர்க்கரை வியாதி இருந்தா கதை வேற. அக்காவுக்கு அது இல்லை. ரத்தத்தைக் 'காரமாக்கற' எலுமிச்சைத் தண்ணியும் அப்படித்தான். ரத்தத்தோட பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவுல இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பாத்துக்கும், எலுமிச்சையால அதை அசைக்க முடியாது.

ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுத் தங்கமணியும் நானும் புதுசா சமைக்கக் கத்துக்கிட்டோம். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சிலது சொல்றேன், யாருக்காவது உதவும். கீமோ முடிஞ்ச முதல் மூணு நாள் தாளிக்கிற வாசனை வந்தாலே அக்கா ஓங்கரிப்பாள். அதனால அவ மொட்டை மாடியில உக்காந்திருக்கிறப்ப சமைச்சு, ஆற வச்சுக் கொடுப்போம். எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சா வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்குதுன்னாள், பீங்கான் கப்புக்கு மாத்தினோம். வாய்ப்புண் வந்த வாரத்துல மிளகாய் பக்கமே போகலை. குழைய வடிச்ச சோத்துல பருப்பும் நெய்யும், இல்லைன்னா பாசிப்பருப்புப் பாயசம். மூணு வேளை தட்டு நிறைய வச்சா பாத்த உடனே பயந்துடுவாள். ஒரு கரண்டி ஒரு கரண்டியா ஆறு தடவை வச்சா, பேசிக்கிட்டே உள்ள போயிடும்.

பச்சைக் காய்கறி, பழம் எல்லாத்தையும் அடியோட விலக்கணும்னு முன்னாடி நிறைய ஆஸ்பத்திரில சொல்லுவாங்களாம். அவ்வளவு கட்டுப்பாடு போட்டும் தொற்று குறையலைன்னு ஆராய்ச்சிகள் வந்ததால இப்ப சுத்தம்தான் முக்கியம்னாங்க. நல்லாக் கழுவு, தோலுரிச்ச பழம் கொடு, சூடா சமைச்சதைக் கொடு, ரோட்டோர ஜூஸ் வேண்டாம். அக்காவுக்கு உசிரான பழைய சோறு மட்டும், கவுன்ட் இறங்கற நாட்கள்ல வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு ரொம்ப வருத்தப்பட்டாள், முடி கொட்டினதுக்குக் கூட அவ்வளவு வருத்தப்படலை.

ரெண்டு வாரத்துல எஸ்ஜிபிடி இறங்கிருச்சு. மூணாவது, நாலாவது கீமோ சொன்ன தேதியில ஏறிச்சு. வாராந்திர மருந்து 12ம் ஒண்ணு கூடத் தவறலை.

அந்த வாராந்திர வரிசையில அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில திருமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க. அக்காவை விடச் சின்ன வயசு. ரெண்டு பேரும் நல்ல சிநேகம். நாலாவது வாரம் வரலை. போன் பண்ணினா, "கீமோ உடம்பைக் கெடுக்குதாம்கா, சாப்பாட்டாலயே குணப்படுத்தற எடத்துக்குப் போயிட்டோம்"னாங்க. அக்கா தன்னோட கதையைச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினாள். எட்டு மாசம் கழிச்சு அதே ஆஸ்பத்திரில சக்கர நாற்காலியில பாத்தோம், நோய் முதுகெலும்புக்குப் போயிருந்துச்சு. அடுத்த சித்திரையைப் பாக்கலை அவங்க. 2018ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல, மருந்தே வேண்டாம்னு மாற்று வைத்தியத்துக்கு மட்டும் போன மார்பகப் புற்றுநோய்க்காரங்களுக்கு இறக்கற ஆபத்து அஞ்சரை மடங்குக்கு மேலன்னு போட்டிருந்தாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு அந்த நாலாவது வாரத்துக் காலி நாற்காலிதான் ஞாபகம் வந்துச்சு. நானும் அந்தப் பாதையிலதான் அக்காவைக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன், ஆஸ்பத்திரியை மட்டும் விடலை, அவ்வளவுதான்.

அப்ப சாப்பாட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையான்னா, அப்படியும் இல்லை. கீமோ, ரேடியேஷன் முடிஞ்சப்ப அக்கா எடை 66! வாந்தி வராம இருக்கக் கொடுக்கற ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பசி அப்படிப் பசிக்கும். போதாக்குறைக்கு நாங்க வேற ஊட்டித் தள்ளிட்டோம். இந்த நோய்ல இளைக்கிறவங்களை விட எடை கூடறவங்கதான் நிறையவாம். அதே டயட்டீஷியன் பொண்ணு இப்ப, "போதும்மா, இனி குறைக்கணும்"னாங்க. அக்காவுக்கு ஒரே குழப்பம், "நேத்து தின்னுன்னீக, இன்னிக்கு தின்னாதங்கீகளே"ன்னு.

இதுலயும் அமெரிக்காவுல ரெண்டு பெரிய சோதனை நடந்திருக்கு. 2006ல வந்த ஒண்ணுல 2437 பெண்கள். கொழுப்பைக் குறைச்சுச் சாப்பிட்டவங்கள்ல நோய் திரும்பினது 9.8 சதவீதம், வழக்கம்போலச் சாப்பிட்டவங்கள்ல 12.4. 2007ல வந்த இன்னொண்ணுல 3088 பெண்கள். தினம் அஞ்சு பங்கு காய், மூணு பங்கு பழம், போதாததுக்குக் காய்கறி ஜூஸ். ஏழு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்தப் பக்கம் 16.7, இந்தப் பக்கம் 16.9. ஒரு வித்தியாசமும் இல்லை! முதல் சோதனையில இருந்தவங்க கொஞ்சம் எடை குறைஞ்சிருந்தாங்க, ரெண்டாவதுல குறையலை. அதுதான் சூட்சுமமோன்னு சந்தேகப்படறாங்க. 2023ல யேல் பல்கலைக்கழகத்துல 173 பேரை வச்சு ஒண்ணு பண்ணினாங்க. கீமோ ஆரம்பிக்கிறப்பவே டயட்டீஷியன் துணையோட நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி. ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ எடுத்தவங்களை மட்டும் தனியாப் பாத்தா, கட்டி முழுசா கரைஞ்சது 53 சதவீதம் பேருக்கு, மத்தவங்களுக்கு 28. சின்ன கும்பல்தான், இன்னும் பெரிசாப் பண்ணிப் பாக்கணும். ஆனா அதுலயும் பட்டினி இல்லை, இலைச் சாறு இல்லை. நடையும் சாதாரணச் சாப்பாடும்தான்.

சோயா தொடவே கூடாதுன்னு ஒருத்தர் பயமுறுத்தினார். சீனாவுல ஷாங்காய்ல 5042 பெண்களைப் பாத்து 2009ல எழுதியிருக்காங்க, சோயா உணவு சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்பறது குறைவாத்தான் இருந்திருக்கு. மீல்மேக்கர் குழம்பு திரும்ப வந்துருச்சு எங்க வீட்ல.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் என்னால சரியா பதில் சொல்ல முடியலை. ரேடியேஷன் சமயம் ஒரு நாள் ராத்திரி அக்கா கேட்டாள்: "நான் எதைத் தின்னு எனக்கு இது வந்துச்சுல?" சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. பிராய்லர் கோழி, பாக்கெட் எண்ணெய், மைதான்னு. தின்னு வரலைக்கா, வயசு, உடம்போட கூறு, இன்னதுன்னு சொல்ல முடியாத நிறைய விஷயம் சேந்து வர்றதுன்னேன். பிள்ளை பெறாததும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும்னு படிச்சிருந்தேன். அதைச் சொல்லலை. சொல்லி என்ன ஆகப்போகுது? "அப்ப நீ ஏம்ல என்னைப் பட்டினி போட்ட?"ன்னு கேப்பாளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேக்கலை. இன்னி வரைக்கும் கேக்கலை.

லெட்ரோசோல் மாத்திரை அஞ்சு வருஷம் போட்டு 2024ல நிறுத்தினாங்க. எலும்புக்கு மட்டும் கால்சியம் மாத்திரை ஓடுது. இப்ப எடை 59. தினம் சாயங்காலம் அத்தானை இழுத்துக்கிட்டு முக்கால் மணி நேரம் நடக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு மதுரை வர்றப்ப, பஸ்ஸை விட்டு இறங்கினதும் பையைத் திறந்து என் கையில ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாயைத் திணிப்பாள். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கீமோ வார்டுல யாருக்காவது. போன தடவை அந்த வார்டு வாசல்ல ஒரு மொட்டைத் தலைப் பொண்ணுகிட்ட, "சாப்பிடு தாயி, நூறு கிராம்ல.."ன்னு ஆரம்பிச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாள். "எத்தனைல?"

"கடலைன்னா இருபத்தஞ்சுக்கா. மிட்டாய்ல கொஞ்சம் கம்மி."